மறைந்த ஆசீர்வாதம் எழுதுவது

சின்னக்கானல்
12 ஜூன் 2014

மோகனசுந்தரம் அவர்களுக்கு,

இது இறந்துபோன ஒருவன் எழுதும் கடிதம். ஆகவே பதில் போட வேண்டிய கட்டாயம் இல்லை என்று நீங்கள் நினைக்கக்கூடும். இருந்தாலும் முழுதும் படியுங்கள்.

நான் செத்த செய்தி போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது எனக்குக் கிடைத்தது. பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் பிச்சைமணி உள்ளேயிருந்தே கத்தினான்: "என்ன வே வாத்தியாரே, சொல்லாமக் கொள்ளாமச் செத்துப்போயிட்டீரு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க கோடித்துணி எடுத்திருப்போம்லா!"

கடையே சிரித்தது. அவன் கையில் ஒரு டிவிடி. சூரியநெல்லிச் சந்தையில் இஞ்சி மிட்டாய்க்கும் எலி மருந்துக்கும் நடுவில் வைத்து விற்கிறார்களாம். அட்டையில் 'பாறைமேல் ஒரு குட்டி – 2: அம்மா வந்தாச்சு!' என்று இருந்தது. கீழே உங்கள் கம்பெனியின் பெயர். கடை டிவியில் போட்டுக் காட்டினான். முதல் காட்சிக்கு முன்பே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது: 'கதாபாத்திர உருவாக்கம் – மறைந்த ஆசீர்வாதம்.'

என் மரணத்தை நின்றபடி வாசித்தேன். பிறகு உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன். இரண்டில் எது அதிகம் வலித்தது என்று கேட்காதீர்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நீங்கள் பணம் போட்டு நான் வரைந்த முதல் படத்தில், மொட்டு என்ற வரையாட்டுக் குட்டியின் தாய் கடைசியில் சாகிறாள். சிறுத்தையைத் தன் பின்னால் ஓடவிட்டு, பாறை விளிம்புக்குக் கொண்டுபோய், அதோடு சேர்ந்து விழுகிறாள். குட்டி தனியாக ஏறுகிறது. படம் அவ்வளவுதான். இப்போது நீங்கள் விற்கும் இரண்டாம் பாகத்தில் அவள் சாகவில்லை. வைக்கோல் லாரி மீது விழுந்து, நினைவு தப்பி, இத்தனை வருடமும் ஒரு சர்க்கஸில் வேலை பார்த்திருக்கிறாள். அந்தப் பாறைப் பள்ளத்துக்கு வைக்கோல் லாரி எப்படி வந்தது என்று லாரியை வரைந்தவரும் யோசிக்கவில்லை. வில்லன், செத்த சிறுத்தையின் தம்பி. அது நான் வரைந்த அதே சிறுத்தைதான், இடம் வலமாகத் திருப்பி மீசை வைத்திருக்கிறார்கள். பாட்டுப் பாடும் பச்சைத் தவளை ஒன்று வருகிறது. தாயின் பின்னங்கால் பசுவின் கால், மடியும் பசுவின் மடி. எந்தப் பால் பாக்கெட்டைப் பார்த்து வரைந்தார்களோ.

இவற்றைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அந்தப் படத்தை யாருக்காக வரைந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். என் மனைவி இறந்தபோது மகள் ஜிஸ்மிக்கு ஆறு வயது. எஸ்டேட் லயத்து வீடுகளில் இருந்த எல்லோரும், பங்குத் தந்தை உட்பட, "அம்மா ஊருக்குப் போயிருக்கா, வந்துருவா" என்றே பிள்ளையிடம் சொன்னார்கள். சாயங்காலம் ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் வாசலுக்கு ஓடுவாள். என்னால் வாயால் சொல்ல முடியவில்லை. வரைந்து சொன்னேன். போன அம்மா வரமாட்டாள், இனி பாறையில் நீதான் ஏற வேண்டும் என்று சொன்னேன். அதை நீங்கள் 'அம்மா வந்தாச்சு' என்று ஆச்சரியக்குறி போட்டு விற்கிறீர்கள்.

ஜிஸ்மி இப்போது கோயம்புத்தூர் பக்கம் எங்கோ வேலை பார்க்கிறாள். என் கடிதங்களுக்குப் பதில் போடுவதில்லை, அது வேறு விஷயம். ஏதாவது கடையில் இந்த டிவிடித் தட்டு அவள் கண்ணில் பட்டால், நான் அவளுக்குச் சொன்ன ஒரே உண்மையும் பொய்யாகிவிடும்.

தட்டைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறுங்கள். அந்தத் தாய் செத்தவளாகவும் நான் உயிரோடு இருப்பவனாகவும் திருத்தப்பட வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உயிருள்ள,
ஆசீர்வாதம்


வேலந்தாவளம்
30 ஜூன் 2014

வாத்தியாருக்கு வணக்கம்.

தாங்கள் உயிரோடு இருப்பதில் எங்கள் குடும்பத்துக்கு மிகுந்த மகிழ்ச்சி. கடிதத்தை உரக்கப் படித்தேன். வீட்டுக்காரி வள்ளியாத்தாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள்: "ஏனுங்க, அந்த வாத்தியாரு செத்துப்போகலீங்களா? தட்டுல பார்த்துப்போட்டு ரெண்டு நாளா அழுதனே, அதெல்லாம் வீணாப் போச்சுங்களா?" போனில் சொல்லியிருப்பேன். உங்கள் மலையில் டவர் யானைகளுக்கு மட்டும்தான் கிடைக்கிறது போலும். கிடைத்தாலும் நீங்கள் பாதியில் வைத்துவிடுவீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் படத்தின் கடைசி வசனத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 'மொட்டுவின் அம்மா மூடுபனியில் மறைந்தாள்.' இதில் செத்தாள் என்று எங்கே இருக்கிறது? உடலைக் காட்டினீர்களா? விழுந்த சத்தமாவது வைத்தீர்களா? பனியைக் காட்டினீர்கள், புல்லாங்குழல் போட்டீர்கள், முடித்துவிட்டீர்கள். சட்டப்படி பார்த்தால் அவள் காணாமல் போனவள். காணாமல் போனவர் திரும்பி வந்தால் போலீஸ்கூட ஒன்றும் சொல்லாது.

இன்னொன்று. இத்தனை நாள் உங்களிடம் சொல்லாமல் இருந்தேன். பாலக்காட்டில் எந்த வீட்டிலும் உங்கள் படத்தின் முடிவை யாரும் பார்த்ததில்லை. சிறுத்தை வந்ததும் அம்மாக்கள் ரிமோட்டை எடுத்துவிடுவார்கள். "முடிஞ்சுது கண்ணு, போய்ப் படுத்துக்கோ." என் மகள் கௌசிகா அந்தப் படம் பார்த்தே வளர்ந்தவள். போன வருஷம் காலேஜில் யாரோ சொல்லித்தான் அந்த ஆடு செத்த விஷயம் அவளுக்குத் தெரியும். வந்து என்னிடம் சண்டை போட்டாள். அந்த முடிவை முழுதாகப் பார்த்தவர்கள் விருதுக் கமிட்டிக்காரர்கள் மட்டும்தான். அவர்கள் கையிலும் ரிமோட் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

பசுவின் கால் பற்றி எழுதியது நியாயம்தான். கஞ்சிக்கோட்டில் ஜின்சன் என்ற பையன் தலைமையில் ஆறு பேர் கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். நான்கு பேர் பக்கத்து இரும்புக் கம்பெனியிலிருந்து வந்த வடநாட்டு ஆட்கள். கை சுத்தம், ஆனால் வரையாட்டைப் பார்த்ததில்லை. இதுகூடப் பரவாயில்லை. மலையாளப் பதிப்பில் 'எங்கள் பட்டி, தங்கப் பட்டி' என்ற ஆட்டுப்பட்டிப் பாட்டை மொழிபெயர்த்தவன் 'பட்டி'யை அப்படியே விட்டுவிட்டான். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். ஆடுகள் எல்லாம் சேர்ந்து 'எங்கள் நாய், தங்க நாய்' என்று பாடுகின்றன. அதைத்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்களாம்.

உங்கள் பெயருக்கு முன்னால் வந்த சொல்லைப் பற்றி விசாரிக்கிறேன். எழுத்து அடித்தவர் தப்பான எண்ணத்தில் போட்டிருக்க மாட்டார்.

அன்புடன்,
மோகனசுந்தரம்


சின்னக்கானல்
21 ஜூலை 2014

மோகனசுந்தரம் அவர்களுக்கு,

மறைந்த ஆடு உயிரோடு இருக்கிறது. மறைந்த நான் செத்துவிட்டேன். ஒரே சொல், ஒரே கம்பெனி, ஒரே தட்டு. இலக்கணத்தில் இதற்கு ஏதாவது பெயர் இருந்தால் தெரிவிக்கவும்.

அந்தச் சொல்லைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். முதலில் 'செத்துப்போனாள்' என்றுதான் எழுதியிருந்தேன். ஒலிப்பதிவு அன்று நானே மாற்றினேன். 'மறைந்தாள்' என்றது பனிக்குப் பொருந்தியது, மலைக்குப் பொருந்தியது, குழலோசைக்குப் பொருந்தியது. அதை மாற்றியதில் எனக்கு இன்றுவரை பெருமைதான். இரங்கல் சுவரொட்டி படிக்கத் தெரிந்த எந்தத் தமிழனுக்கும் அதன் பொருள் விளங்கும். உங்களுக்கு விளங்காதது உங்கள் வசதி.

என் மரணத்தால் எனக்கு ஏற்பட்டிருக்கும் சிரமங்களையும் கேளுங்கள். எஸ்டேட் பள்ளியில் வருடாவருடம் என் படத்தைப் போட்டு, முடிந்ததும் என்னை மேடையில் ஏற்றிப் பேச வைப்பார்கள். இந்த வருடம் இரண்டாம் பாகத்தைப் போடப் போகிறார்களாம், முடிவில் எனக்கு அஞ்சலியாம். "டீச்சரே, நான்தான் இங்கே நிற்கிறேனே" என்றேன். தலைமையாசிரியை சங்கடப்பட்டார். "ஆமா சார், ஆனா போட்டோவுக்கு மாலை சொல்லியாச்சு. நீங்களும் வாங்களேன், ஒண்ணும் தப்பில்ல" என்றார். புதிதாக வந்திருக்கும் பங்குத் தந்தை எனக்காக ஒரு பூசை வைத்துவிட்டார். முன்வரிசையில் இருந்து நானும் கலந்துகொண்டேன். எழுந்துபோனால் மரியாதையாக இருக்காது.

சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. நேற்று லயத்தில் ஒரு குழந்தை என்னிடம் வந்து, "தாத்தா, உங்க படத்துல தப்பு இருக்கு, அம்மா சாகலையாம், ரெண்டுல வருது" என்றது. இதையே ஜிஸ்மி சொல்லக் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். அவள் ஒருத்திக்கு அந்த முடிவு தெரியும். அவளுக்கு யாரும் ரிமோட்டை எடுக்கவில்லை.

தேவிகுளத்தில் ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறேன். நோட்டீஸ் வரும்.

ஆசீர்வாதம்


வேலந்தாவளம்
14 ஆகஸ்ட் 2014

வாத்தியாருக்கு,

நோட்டீஸ் அனுப்புங்கள். செத்தவர் பெயரில் வந்தால் தபால்காரர் கொடுப்பாரா என்று தெரியவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், அடித்துத் திருத்த மனமில்லை, அப்படியே இருக்கட்டும். உங்கள் படத்துக்காக நான் எவ்வளவு இழந்தேன் என்று ஒருநாளும் கணக்குச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லப் போவதில்லை. ஆனால் விருது வாங்கிய மேடையில் நீங்கள் சந்தனப் பேழைபோல் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேசியபோது, இயற்கைக்கு நன்றி சொன்னீர்கள், மலைக்கு நன்றி சொன்னீர்கள், பனிக்குக்கூட நன்றி சொன்னீர்கள். நான் முதல் வரிசையில் சட்டை மடிப்பு கலையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் ஒரே உறையில் போட்டு விற்க நினைத்தேன். முதல் பாகத்தில் கடைசிப் பத்து நிமிஷத்தை எடுத்துவிட்டால் இரண்டும் பொருந்திவிடும். ஜின்சனிடம் சொல்லியும் விட்டேன். கதை எழுதியவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அங்க கை வெச்சீங்கன்னா நான் இனி வரமாட்டேன். அந்த முடிவு இருக்கணும், அந்தச் சொல்லும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நான்தான் இறங்கிவந்தேன். உங்கள் முடிவு அப்படியே இருக்கிறது. அதைக் காப்பாற்றியது நீங்களும் இல்லை, உங்கள் வக்கீலும் இல்லை.

மோகனசுந்தரம்


சின்னக்கானல்
25 ஆகஸ்ட் 2014

மோகனசுந்தரம் அவர்களுக்கு,

வைக்கோல் லாரியை எழுதிய அதே ஆளா என் முடிவைக் காப்பாற்றியது? ஆச்சரியமாக இருக்கிறது. அந்த ஆளுக்குக் கொஞ்சமாவது ரசனை இருக்கிறது. தட்டில் கதாசிரியர் பெயரே இல்லை. யார் என்று தெரிவித்தால் இரண்டு வரி எழுதுவேன். திட்ட மாட்டேன்.

ஆசீர்வாதம்


வேலந்தாவளம்
9 செப்டம்பர் 2014

வாத்தியாருக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு வாரம் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பெயரைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் 'ரசனை' என்று எழுதிய பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

ஜிஸ்மிதான்.

கம்ப்யூட்டரில் படம் வரையும் படிப்பை முடித்துவிட்டுப் போன வருஷம் கஞ்சிக்கோட்டுக்கு வேலை கேட்டு வந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "அங்கிள், அந்தக் குட்டி ஆடு நாந்தான்" என்றாள். வேலை கொடுத்தேன். இரண்டாம் பாகம் எடுக்கலாமா என்று நான் பேச்சுக்குத்தான் கேட்டேன். மறுநாள் காலையில் கதையை எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். யோசித்து எழுதிய மாதிரி தெரியவில்லை. ரொம்ப நாளாக மனப்பாடமாக இருந்ததை எடுத்து எழுதியது போல இருந்தது. சர்க்கஸ், நினைவு தப்புவது எல்லாம் அவள் சின்ன வயதில் விடுதியில் படுத்துக்கொண்டு யோசித்ததாம். வைக்கோல் லாரிகூட. அடிமாலியில் விடுதி ஜன்னலுக்குக் கீழே ரோட்டில் போகுமாம்.

இனி எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காது. அம்மா செத்ததைப் பிள்ளைக்குச் சொல்வதற்காகப் பிள்ளையை அடிமாலியில் கன்னியர் மடத்து விடுதியில் விட்டுவிட்டு, என் தேங்காய்க் குடோன் மாடியில் மூன்று வருஷம் உட்கார்ந்து வரைந்தீர்கள். கிறிஸ்மஸுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று பஸ் ஏற்றிவிட்டால், பொள்ளாச்சியில் இறங்கித் திரும்பி வந்து "ஒரு காட்சி பாக்கி இருக்கு" என்பீர்கள்.

பாலக்காட்டில் முதல் காட்சி அன்று ஒரு சிஸ்டர் அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒன்பது வயது. மூன்று வருஷம் மலையாளப் பள்ளிக்கூடம், மலையாள விடுதி. தமிழ் பாதி போயிருந்தது. படம் முடிந்ததும் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்: "அப்பா, அம்ம எவிடெயா மறஞ்ஞது?" அம்மா எங்கே மறைந்தாள் என்று. நீங்கள் பத்திரிகைக்காரர்களோடு நின்றிருந்தீர்கள். "படத்துல பாத்தேல்லா, அதாம்மா" என்றீர்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

மலையாளத்தில் மறஞ்ஞு என்றால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? எதற்குப் பின்னாலோ ஒதுங்கி நிற்கிறாள் என்றுதானே. நேற்று அவளிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எல்லாரும் அம்மா ஊருக்குப் போயிருக்கான்னு சொன்னாங்க அங்கிள். நான் நம்பல. செத்துட்டான்னு எனக்கு ஏறக்குறையத் தெரியும். அப்பா படத்தைப் பாத்த பெறகுதான் இல்ல, எங்கேயோ மறைஞ்சு இருக்கான்னு உறுதியாச்சு. அப்பா பொய் சொல்ல மாட்டாருல்லா."

அதற்குப் பிறகு எவ்வளவு காலம் நம்பிக்கொண்டிருந்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உங்கள் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைப் போட்டதும் அவள்தான். விசாரிக்கிறேன் என்று எழுதியது பொய், எனக்கு அன்றே தெரியும். "அய்யோ கண்ணு, செத்தவங்களுக்குத்தான் அப்படிப் போடுவாங்க" என்றேன். "அப்பா மறைஞ்சுதானே இருக்காரு? அவரு சொல்லுதான் இது" என்றாள்.

மோகனசுந்தரம்


சின்னக்கானல்
2 அக்டோபர் 2014

மோகனசுந்தரம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ரோட்டில் யானை நின்றதால் தபால் தாமதம். தேவிகுளம் வக்கீலிடம் நோட்டீஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாம் பாகத்தை மறுபடி பார்த்தேன். தொழில் சம்பந்தமாகச் சில குறிப்புகள். வரையாட்டின் குளம்பு நடுவில் ரப்பர் போல மெத்தென்று இருக்கும், ஓரம்தான் கடினம். ஆகவே பாறையில் கால் வைக்கும்போது முதலில் அழுந்தும், பிறகுதான் உடல் எழும். உங்கள் ஆட்கள் உடலை முதலில் எழுப்புகிறார்கள். பின்னங்காலை மடித்து, இடுப்பைத் தாழ்த்த வேண்டும். மடியைப் பாதிக்கு மேல் குறைக்க வேண்டும். கொம்பு பின்னோக்கி வளையும், பக்கவாட்டில் அல்ல. படம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வரைபவர்களிடம் கொடுக்கவும்.

சர்க்கஸ் கூண்டுக்குள் இருந்து தாய் தன் குட்டியையே அடையாளம் தெரியாமல், "நீ யாரோட குட்டி?" என்று கேட்கிறாள். அந்த வசனம் நன்றாக இருக்கிறது. மற்றவை சுமார். தவளையை எடுத்துவிடலாம்.

அடிமாலியைப் பற்றி நீங்கள் எழுதியதில் விவரப் பிழை ஏதும் இல்லை. ஆனால் ஒரு படத்தை வரைவது என்றால் என்ன என்பது தேங்காய் வியாபாரிக்கு விளங்கும் காரியம் அல்ல. அவளுக்காகத்தான் வரைந்தேன். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

தகவலுக்காகக் கேட்கிறேன். அவள் எங்கே தங்கியிருக்கிறாள்? சாப்பாடு எப்படி? முன்பு அவளுக்கு மழைக்காலத்தில் இருமல் வரும். சிஸ்டர் எழுதியிருந்தார்.

ஆசீர்வாதம்


வேலந்தாவளம்
18 நவம்பர் 2014

வாத்தியாருக்கு,

எங்கள் வீட்டில்தான் மாடியறையில் இருக்கிறாள். சாப்பாட்டை வள்ளியாத்தாள் பார்த்துக்கொள்கிறாள். இருமல் இல்லை. உங்கள் குளம்புப் படங்களைப் பார்த்துவிட்டு ஜின்சன் பின்னங்கால்களை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். ஜிஸ்மி அவற்றைத் தன் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறாள்.

இப்போது மூன்றாம் பாகம். கதையை அவள்தான் எழுதுகிறாள். பாதியில் நின்றுவிட்டது. அம்மா வந்தாயிற்று, குட்டி சேர்ந்தாயிற்று. அடுத்து குழந்தைகள் கேட்கும் கேள்வி என்ன? தகப்பன் எங்கே என்பதுதான். முதல் படம் முழுக்கத் தேடிப் பார்த்தோம் வாத்தியாரே. நீங்கள் மூன்று வருஷம் உட்கார்ந்து புல், பாறை, பனி, பூச்சி எல்லாம் வரைந்திருக்கிறீர்கள். ஒரு மூலையில்கூடத் தகப்பன் ஆடு இல்லை. சிறுத்தை வந்தபோது அவன் எங்கே இருந்தான்? அம்மா விழுந்தபோது எங்கே இருந்தான்? குட்டி தனியாக நின்றபோது ஏன் வரவில்லை?

"அப்பாட்ட கேளுங்க அங்கிள். அவரு வரைஞ்ச காடு, அவருக்குத்தான் தெரியும்" என்றாள்.

உங்கள் பதிலை வைத்துத்தான் கதை நகரும். பதில் சரியாக இருந்தால், தகப்பன் ஆட்டுக்குக் குரல் கொடுக்க ஜனவரியில் உங்களையே கஞ்சிக்கோட்டுக்கு வரச் சொல்லலாம் என்று சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

வாத்தியாரே, நிதானமாக யோசித்து எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், அழகாக எழுத வேண்டாம்.

மோகனசுந்தரம்


சின்னக்கானல்
8 டிசம்பர் 2014

அன்புள்ள மோகனசுந்தரம் அவர்களுக்கு,

மிக நல்ல கேள்வி. கேட்டதற்கு நன்றி என்று அவளிடம் சொல்லுங்கள். நாலைந்து முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

வரையாடுகளில் வளர்ந்த கிடாக்கள் பெண் ஆடுகளோடும் குட்டிகளோடும் கூட்டமாக இருப்பதில்லை. வருடத்தின் பெரும்பகுதி தனியாகவோ மற்றக் கிடாக்களோடோ வேறு சரிவுகளில்தான் மேயும். அது அவற்றின் குற்றமல்ல, குணம். ஆகவே முதல் படத்தில் தகப்பனை நான் வரையாதது மறதியல்ல, இயற்கைக்குச் செய்த மரியாதை.

மூன்றாம் பாகத்துக்கு இப்படி யோசித்திருக்கிறேன். தகப்பன் மேலே, யாரும் ஏறாத ஒரு முகட்டில் இருந்தான். அங்கிருந்து ஒவ்வொரு நாளும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். சிறுத்தை வந்த அன்றும் பார்த்தான். கீழே இறங்க வழியில்லை. நடுவில் பனி இருந்ததால் குட்டிக்கு அவன் தெரியவில்லை, அவனுக்குக் குட்டி தெரிந்தது. முடிவில் கதைசொல்லியின் குரல் சொல்ல வேண்டும்: 'தகப்பன் தொலைவில் இல்லை. உயரத்தில் இருந்தான்.' இந்த வரி எனக்குத் திருப்தியாக இருக்கிறது. குழலோசை மெதுவாக ஆரம்பிக்கலாம்.

ஜனவரியில் வர எனக்கு வசதிப்படும். பொங்கலுக்கு முன்பா பின்பா என்று தெரிவித்தால் பஸ் பார்த்துக்கொள்வேன். பிச்சைமணியிடம் சொல்லிவிட்டேன். "செத்தவன் குரல் குடுக்கப் போறீராக்கும், போயிட்டு வாரும்" என்றான். இருமலுக்கு இங்கே நல்ல ஏலக்காய்த் தேன் கிடைக்கிறது, இரண்டு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது இருமல் இல்லை என்று எழுதியிருந்தீர்கள், இருந்தாலும் இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசீர்வாதம்


வேலந்தாவளம்
29 டிசம்பர் 2014

வாத்தியாருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை ஜிஸ்மியிடம் கொடுத்தேன். உட்காராமல் நின்றபடியே படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். "ரொம்ப அழகா இருக்கு" என்றாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "ஆனா இதைக் குழந்தைங்க நம்ப மாட்டாங்க அங்கிள்" என்றாள்.

இன்னொரு தடவை அவருக்கு எழுதிப் பார்க்கலாமே கண்ணு என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போய் வேலையைப் பார்க்க உட்கார்ந்தாள். அன்று மத்தியானமே கதை முடிந்துவிட்டது. இத்தனை நாள் நின்றுபோயிருந்த கதை இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை.

மூன்றாம் பாகத்தில் தகப்பன் இல்லை. அவன் வர வேண்டிய இடங்களில் எல்லாம் பேசும் கருங்குரங்கு ஒன்று வருகிறது. மொட்டுவுக்கு மரம் ஏறக் கற்றுக்கொடுக்கிறது. ஆட்டுக்கு மரம் எதற்கு என்று கேட்காதீர்கள். ஒரு பாட்டும் உண்டு. ஜின்சனே குரல் கொடுத்துவிட்டான், பதிவும் முடிந்தது. கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், ஜிஸ்மியும்கூட.

ஆகவே ஜனவரியில் நீங்கள் வர வேண்டியதில்லை. மறையூர் பக்கம் ரோடும் மோசம் என்கிறார்கள்.

மோகனசுந்தரம்